பி.பி. மாத்திரை தருகிற ஜன்னலிலேயே பீடியை விடவும் உதவி கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 31 புகையிலை எதிர்ப்பு நாள் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்துப் பேரணி போகிற படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வருகின்றன. நல்லதுதான், பிள்ளைகள் போகட்டும். ஆனால் முப்பது நாற்பது வருஷமாகப் பீடி பிடிக்கிற அவர்களுடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அந்தப் பேரணியால் என்ன கிடைக்கிறது? புகை கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியும். விட வேண்டும் என்கிற எண்ணமும் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. 2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடுவதற்குத் திட்டமோ யோசனையோ வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எப்படி விடுவது, விடுகிற நாட்களில் யார் கூட நிற்பார்கள் என்பதற்குத்தான் அவர்களுக்குப் பதில் இல்லை. அந்தப் பதில் அவர்களுடைய ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயதானவர்களுக்கு நான் கடைசிவரை 'கம்பவுண்டர் ஐயா'தான். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பலதை மருந்து ஜன்னலில் சொல்லிவிடுவார்கள். அந்த ஜன்னலில் நான் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை வருவார்கள். சீட்டை நீட்டுவார்கள். மெட்ஃபார்மின், அம்லோடிபின், சிலருக்குக் கொழுப்பு மாத்திரை என்று ஒரு மாதத்துக்கு எடுத்துக் கொடுப்பேன். மாத்திரையைச் சட்டைப் பையில் வைக்க இடம் வேண்டும் அல்லவா, பையில் இருக்கிற பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் வெளியே எடுத்து ஜன்னல் திண்டின்மேல் வைப்பார்கள். மாத்திரை உள்ளே போகும். அப்புறம் அதன்மேல் பீடிக் கட்டு போகும். மாரடைப்பு வராமல் இருக்க அரசு தருகிற மருந்தும், அதை வரவழைக்கிற சரக்கும் ஒரே பையில். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்ததில்லை. இந்த மனுஷன் மாதாமாதம் நம்மைத் தேடி வருகிறார், இவரை விட்டுவிட்டு வேறு எங்கே போய்ப் புகையிலையை ஒழிக்கப் போகிறோம் என்றுதான் தோன்றும்.

கேட்கிற வழக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பது வயது தாண்டியவர்களுக்குத் தொற்றா நோய் பார்க்க ஒரு படிவம் இருக்கிறது. அதில் புகையிலைக் கேள்வியும் உண்டு. பழக்கமே இல்லாதவருக்குப் பூஜ்யம், முன்பு இருந்தது அல்லது எப்போதாவது என்றால் 1, தினமும் என்றால் 2 மதிப்பெண். வயது, இடுப்புச் சுற்றளவு எல்லாம் சேர்த்து நாலுக்கு மேல் போனால் பரிசோதனைக்கு முன்னுரிமை. சர்க்கரை பார்க்கிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள், கூடுதலாக இருந்தால் மருந்து தருகிறார்கள். பீடிக்குப் போட்ட அந்த 2 மதிப்பெண் மட்டும் படிவத்திலேயே தங்கிவிடுகிறது. அதற்கு ஒரு மருந்து கிடையாது, மறுபடி வரச் சொல்ல ஒரு தேதி கிடையாது, பொறுப்பான ஆள் கிடையாது. நான் மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், மருத்துவ உதவிக்குப் போன புகைபிடிப்பவர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் 'விடுங்கள்' என்ற அறிவுரையாவது கிடைத்திருக்கிறது. மீதிப் பேர் அந்த ஒரு சொல்கூடக் கேட்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஓ.பி. பார்க்கிற டாக்டரால் பீடிக்கு உட்கார்ந்து பேச முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உட்கார்ந்து பேச வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில், புகைபிடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மருத்துவப் பணியாளரும் தர வேண்டிய சுருக்கமான அறிவுரைக்கு முப்பது வினாடி முதல் மூன்று நிமிடம் வரை போதும் என்று இருக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1979-லேயே லண்டனில் குடும்ப டாக்டர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. டாக்டர் எந்த அறிவுரையும் சொல்லாதவர்களில் ஒரு வருஷம் கழித்துப் புகையை நிறுத்தியிருந்தவர்கள் 0.3 சதவீதம். டாக்டர் ஓரிரு நிமிடம் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, 'விட்டீர்களா என்று மறுபடி கேட்போம்' என்றும் சொல்லி அனுப்பியவர்களில் 5.1 சதவீதம்.

நூற்றுக்கு ஐந்து பேர்தானா என்று தோன்றும். அந்த லண்டன் நோயாளிகளுக்கு ஒரு தடவைதான் சொன்னார்கள். நம்மிடம் வருகிறவர் மாதாமாதம் வருகிறார். லண்டனில் மருந்தும் கையில் கொடுக்கவில்லை, வெறும் வார்த்தைதான். 'மறுபடி கேட்போம்' என்ற அந்த வரியும் முக்கியம். அறிவுரை மட்டும் கேட்டவர்களைவிட இப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம் விட்டிருந்தார்கள். கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் மனுஷனுக்கு ஒரு பிடிப்பு வருகிறது.

நம் ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இதைப் பேரணிப் பதாகையில் யாரும் எழுதுவதில்லை. பீடியை நிறுத்தியவர்கள் ஜன்னலில் வந்து சொல்லும் முதல் புகார், 'ஐயா, வயிறு போக மாட்டேங்குது'. காலையில் ஒரு டீ, ஒரு பீடி, அப்புறம்தான் வெளிக்குப் போவது என்று பழகிய உடம்பு. பீடியை நிறுத்தினால் மலச்சிக்கல் வருவது உண்மை. புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் குடலைத் தூண்டுகிற சரக்கு, அது நின்றால் சில நாளைக்குக் குடல் மந்தமாகத்தான் இருக்கும். கூடவே வாய்ப்புண் வரும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். பொண்டாட்டி பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தால், 'நீ பீடியே பிடிச்சுக்க சாமி' என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், 'பீடியை விட்டதும் உடம்பு கெட்டுப்போச்சு, எனக்கு ஒத்துக்கலை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெந்நீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் நாலு நாளைக்கு மலமிளக்கி மருந்து. இது ஆரம்ப சுகாதார நிலையத்தால் முடியாத வைத்தியமா?

கரும்பு வெட்டுக்குப் போகிற ஒருவர் நினைவுக்கு வருகிறார். இளைப்பு நோய். அதற்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை வாங்குவார். டாக்டரம்மா கடுமையாகச் சொன்னதில் பீடியை நிறுத்திவிட்டார். சில நாளில் திரும்ப வந்து, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, பீடி பிடித்தபோது இப்படி இல்லை என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. புகை பிடிக்கிறவர்களின் கல்லீரல் அந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும், படபடப்பு வரும். மாத்திரை அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். டாக்டரம்மாவிடம் சொல்லிக் குறைத்தோம், படபடப்பு நின்றது, அவரும் பீடிப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு அவர் எங்களிடம் வராமல் டீக்கடையில் போய்ச் சொல்லியிருந்தால், 'ஒண்ணு பத்த வை, சரியாயிடும்' என்று யாராவது நீட்டியிருப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் புகையிலை மீட்பு மையம் இருப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் படபடப்பு வருகிற நாளில் ஒரு கூலிக்காரர் அரை நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறி அங்கே போக மாட்டார்.

அடுத்தது மருந்து. புகை இல்லாமல் கொஞ்சம் நிக்கோட்டினைத் தந்து பீடி ஏக்கத்தை அடக்குகிற நிக்கோட்டின் சூயிங்கம் என்று ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த நிலையத்துக்கு அது வந்ததே இல்லை. வெளியே மெடிக்கல் ஷாப்பில் வாங்கச் சொல்ல வேண்டும். பத்து வில்லை உள்ள ஒரு அட்டையின் விலைக்குப் பல நாளைக்குப் பீடி வாங்கிவிடலாம். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வேண்டியிருக்கும். அப்படியானால் ஒரு அட்டை ஒரு நாளைக்குக்கூட வராது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் பீடியை விடுவதற்குப் பீடியைவிடப் பல மடங்கு செலவு செய்ய வேண்டும் என்றால், அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாங்கித் தரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் எப்படி மெல்லுவது என்று கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பெரியவர் பபுள்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருக்கிறார். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, அட்டையையே தூக்கி எறிந்துவிட்டார். மெதுவாக நாலைந்து தடவை மெல்ல வேண்டும். காரமாக ஒரு சுருக்கென்ற சுவை வரும். வந்ததும் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும், இடத்தை மாற்றி ஒதுக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி. வெற்றிலை பாக்கை ஒதுக்கிப் பழகிய நம் ஜனங்களுக்கு இது கைவந்த கலை, ஒரு தடவை செய்து காட்டினால் போதும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி கூடாது, குடித்தால் மருந்து சரியாக இறங்காது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி பற்ற வைக்கிற ஆளுக்கு 2 மில்லிகிராம் பற்றாது, டாக்டர் சொல்லி 4 மில்லிகிராம் தர வேண்டும். பல் இல்லாதவர்களுக்குத் தோலில் ஒட்டுகிற நிக்கோட்டின் பட்டை இருக்கிறது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மொத்தம் மூன்று மாதம், படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். இவ்வளவையும் ஒரு மருந்தாளுநர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். எங்கள் படிப்பே இதற்குத்தான்.

இது ஏதோ பணக்காரர் மருந்து என்ற எண்ணம் வேண்டாம். நிக்கோட்டின் மாற்று மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் மத்திய அரசின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் 2022-ல் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கோ மருந்து கொள்முதலில் நாடே பார்த்துக் கற்றுக்கொண்ட அமைப்பு இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு, மாவட்டக் கிடங்குகளில் இறக்கி, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய தொகைக்குப் பாஸ்புக்கில் கணக்கு வைத்து மருந்து கொடுக்கிறது. அந்த அளவில் மொத்தமாக வாங்கினால் இந்தச் சூயிங்கத்தின் விலை கடை விலையில் நிற்காது.

காசநோய் விஷயத்தையும் எங்கள் மாவட்டத்துக்காரனாகச் சொல்ல வேண்டும். 2003-ல் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலிய ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன ஏறக்குறைய 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியது. புகைபிடித்தவர்கள் காசநோயால் சாவது புகைபிடிக்காதவர்களைப் போல நாலு மடங்குக்கு மேல். காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணம். எங்கள் ஊர்க்காரர்களின் சாவை எண்ணித்தான் இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்னார்கள். காசநோய்ச் சாவைக் குறைக்க 2022-ல் தமிழ்நாடு தனித் திட்டமே தொடங்கி, நோய் உறுதியானதுமே நிலைமை மோசமாக இருப்பவர்களைக் கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்க்கிறது. மெச்ச வேண்டிய வேலை. காசநோய்க்கு ஆறு மாத மருந்து. அந்த ஆறு மாதமும் நோயாளி நம் கண் பார்வையில் இருக்கிறார், உயிர்ப் பயத்தோடு இருக்கிறார், சொன்னால் கேட்கிற மனநிலையில் இருக்கிறார். பீடியை விட வைக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

புகையிலையை விட உதவுகிற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறதே என்பார்கள். 1800-11-2356. 2018-லிருந்து பீடிக் கட்டின்மேலும் சிகரெட் பெட்டியின்மேலும் அச்சிட வேண்டும் என்பது விதி. எண்ணை நானும் பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒத்தை ஒத்தையாகச் சிகரெட் வாங்குகிறவர் பெட்டியையே பார்ப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு அந்தச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் முன்பின் தெரியாத ஆளிடம் போனில் என்ன பேசுவது என்று தயங்குவார்கள். நிலையத்தில் நர்ஸே அந்த எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்துப் பேச வைத்தால் அந்தத் தயக்கம் உடையும்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்றால், ஆள் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் பி.பி., சுகர் மாத்திரை தருகிறார்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். எந்த வீட்டில் யார் திண்ணையில் உட்கார்ந்து ஊதுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. டாக்டர் ஒரு வரி சொல்லட்டும். நர்ஸ் ஒரு நாள் குறித்துக் கொடுக்கட்டும். மருந்தாளுநர் சூயிங்கம் தந்து மெல்லக் காட்டட்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அந்தத் தன்னார்வலர், 'என்னங்க மாமா, எப்படி இருக்கீங்க, வயிறு போகுதா' என்று கேட்கட்டும். அந்த விசாரிப்புக்கு ஒரு சின்ன ஊக்கத்தொகையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அவர்கள்மேல் வேலை கூடிக்கொண்டே போகிறது, சும்மா இன்னொன்றைத் தலையில் ஏற்றுவது சரியில்லை. புகையிலை மெல்லுகிற பெண்களுக்கும் இதே ஏற்பாடு உதவும். அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

'நாலு பீடிதான் ஐயா பிடிக்கிறேன், குறைச்சுட்டேன்' என்கிறவர்களையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு வருகிற கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. குறைத்ததற்குப் பாராட்டிவிட்டு, அடுத்த மாதச் சீட்டில் முழுசாக விடுவதற்கு ஒரு தேதி எழுதித் தர வேண்டும்.

சுகாதாரத் துறை செய்ய வேண்டியதாக நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய பதவியோ இல்லை. நோயாளியின் மாதச் சீட்டில் பி.பி., சுகர் கட்டத்துக்குப் பக்கத்தில் பீடிக்கும் ஒரு கட்டம். வருஷா வருஷம் நிலையங்களிடம் மருந்துத் தேவை கேட்டு அனுப்புகிற பட்டியலில் நிக்கோட்டின் சூயிங்கத்துக்கும் பட்டைக்கும் தலா ஒரு வரி. அந்த வரி இருந்தால் என்னைப் போன்ற மருந்தாளுநர்கள் எண்ணிக்கையை நிரப்பி அனுப்பிவிடுவார்கள்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த மே 31-க்குப் பேரணிப் படத்தோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மாவட்டத்திலும் தங்கள் செய்தியாளர் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலில் போய் நின்று, 'பீடியை விட மருந்து இருக்கிறதா' என்று கேட்டு, கிடைத்த பதிலை எந்த நிலையம் என்று சொல்லாமல் மாவட்டப் பெயரோடு மட்டும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.